பாறை ஏறப் போகும் பிக்கப்: எது உடைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சங்ககிரியில் அப்பா வைத்திருந்தது கமான் பட்டறை. கமான் என்றால் வண்டியின் பளுவைத் தாங்கும் இரும்புப் பட்டை வில். லாரி கமான்தான் தொழில் என்றாலும் சுற்றுவட்டத்து விவசாயிகள் டிராக்டர் சாமானையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருமுறை ஒருவர் வந்து, ரொட்டவேட்டரின் ஷியர் போல்ட் வாரத்துக்கு இரண்டு உடைகிறது, கெட்டியான போல்ட்டாகப் போட்டுக் கொடுங்கள் என்றார். அப்பா முடியாது என்றுவிட்டார். "அது உடையறதுக்குன்னே போட்ட போல்ட்டுங்க. அதைக் கெட்டியாக்கினா அடுத்தது கியர்பாக்ஸ் உடையும். பத்து ரூபா சாமான் உடையட்டுமா, பத்தாயிரம் ரூபா சாமான் உடையட்டுமா, நீங்களே சொல்லுங்க."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இன்றைக்குக் கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கம் இருக்கிறேன். 1985 மாடல் டொயோட்டா பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதையின் கருங்கல் பாறைகள் மேல் அதை ஏற்றி இறக்குவதுதான் என் பொழுதுபோக்கு. அப்பாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "ரோடு இருக்கறப்ப பாறை மேல ஏன் அம்மிணி ஓட்டறே?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் வண்டியில் நான் செய்த ஒவ்வொரு மாற்றத்திலும் அந்த ரொட்டவேட்டர் போல்ட் இருக்கிறது.

எந்த வண்டி

டொயோட்டா பிக்கப்பில் 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குத்தான் பாறைக்காரர்களிடம் கிராக்கி. அவற்றில் முன்பக்கமும் லாரியைப் போல, இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே இரும்புக் கூடு, அதாவது ஹவுசிங், கூடவே கமான். 1986இல் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டார்கள். ரோட்டில் சொகுசு கூடியது. பாறையில் பிடி குறைந்தது. ஒரே ஹவுசிங்காக இருந்தால் இடது சக்கரம் பாறை மேல் ஏறும்போது வலது சக்கரம் தானாகத் தரையை நோக்கி அமுங்கும். அதோடு, நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலும் (சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) சக்கரத்தோடு சேர்ந்து மேலே போகும். தனித்தனித் தொங்கலில் சக்கரம் மட்டும் மேலே போகும், வண்டியின் வயிறு பாறையில் உட்கார்ந்துவிடும்.

1985க்கு இன்னொரு சிறப்பு உண்டு. அந்த ஒரே வருடத்தில்தான் முன்பக்க ஹவுசிங்கும் 22 ஆர்.ஈ இன்ஜினும் ஒரே பிக்கப்பில் சேர்ந்து வந்தன. 22 ஆர்.ஈ என்பது 2.4 லிட்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டர் வண்டி செங்குத்தாகச் சாயும்போது மிதவைத் தொட்டியில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் மூச்சுவிடத் திணறும். இன்ஜெக்‌ஷனுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

வாங்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துப் போங்கள். சேஸைப் பின்கமான் மாட்டும் இடத்தில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே துரு அரித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். அடுத்தது, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். முதல் சில விநாடிகளுக்கு முன்பக்கம் சரசரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் டைமிங் செயினின் பிளாஸ்டிக் தாங்கிகள் உடைந்திருக்கின்றன. செயின் போய் அலுமினிய மூடியை உரசி உரசி ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அந்த நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். என் வண்டியில் சத்தம் மட்டும்தான் இருந்தது. இரும்பு முதுகு வைத்த தாங்கிகளோடு புதுச் செயின் போட்டேன். அதற்கு மேல் இன்ஜினில் கை வைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து எல்லாப் பெட்ரோல் வண்டிகளுக்கும் புகைச் சோதனை உண்டு. இன்ஜினில் விளையாடினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதோடு, பாறை ஏற இன்ஜின் சக்தி பெரிதாகத் தேவையே இல்லை.

முன் முட்டியை முதலில் கழற்றுங்கள்

புது வண்டி வாங்கியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, முதல் சம்பளத்தில் பெரிய டயர் வாங்குவது. நாற்பது வருடப் பழைய முட்டியில் 35 அங்குல டயரை மாட்டினால் அது மூன்றே பயணத்தில் கழன்று கையில் வரும்.

இந்த வண்டியில் ஹவுசிங்கின் இரு முனையிலும் ஒரு இரும்புப் பந்து இருக்கும். அதைச் சுற்றி நக்கிள் என்கிற முட்டி திரும்பும். பந்துக்குள்ளே இருப்பது பர்ஃபீல்ட் ஜாயின்ட்: ஆறு இரும்புக் கோலிகள் ஒரு கிண்ணத்துக்குள் உருண்டு, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும். வெளியிலிருந்து அந்தப் பந்தைப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்லது. கறுப்பாக எண்ணெய் வழிந்து சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால், உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கியிருக்கும்.

கழற்றுவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் ஆட்களை அழவைக்கும். சக்கரத்தின் நடுவில், ஷாஃப்டையும் சக்கரத்தையும் இணைக்கும் மூடிதான் ஹப். அதைப் பிடித்திருக்கும் ஆறு நட்டையும் கழற்றிய பிறகும் ஹப் அசையாது. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் கூம்பு வடிவில் ஒரு பிளவு வாசர் இறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், எதுவும் நடக்காது. நட்டை ஸ்டட்டின் முனையோடு சமமாக வரும்வரை திரும்ப மாட்டுங்கள். பித்தளைத் தண்டை அந்த நட்டின் மேல் வைத்து, சுத்தியலால் ஒரே அடி, தயங்காமல். வாசர் டப்பென்று துள்ளும். நட்டு மாட்டச் சொன்னது ஸ்டட்டின் மரை கெடாமல் இருக்கத்தான். இரும்பு உளியால் அடித்தால் அடுத்த வாரம் ஸ்டட் தேடி அலைவீர்கள்.

அதற்குள்ளே இரண்டு பெரிய நட்டு, 54 மில்லிமீட்டர். அந்த அளவுக்கான பாக்ஸ் ஸ்பானர் வாங்கிக்கொள்ளுங்கள். உளி வைத்துத் தட்டிக் கழற்றிய தழும்பு பழைய வண்டிகளில் பாதியில் இருக்கும். பிறகு சக்கரம் சுழலும் குழாயான ஸ்பிண்டில், பிறகு பர்ஃபீல்டோடு சேர்ந்து ஷாஃப்டே வெளியே வரும். முட்டியின் மேலும் கீழும் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் மூடிகளுக்கு அடியில் தகடு போன்ற மெல்லிய ஷிம் இருக்கும். எந்தப் பக்கத்தது, மேலா கீழா என்று எழுதித் தனித்தனி டப்பாவில் போடுங்கள். கலந்துவிட்டால் பந்துக்குள் ஷாஃப்ட் மையத்தில் உட்காராது, புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காய வையுங்கள். பர்ஃபீல்ட் கிண்ணத்தின் விளிம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் அது விரிசல்தான். திரும்ப மாட்டும்போது மாலிப்டினம் கலந்த கிரீஸை ஜாயின்ட்டுக்குள் விரலால் திணிக்க வேண்டும்; மேலே பூசினால் போதாது. இரண்டு பக்கமும் முடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. இன்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிப்பேன்.

மெதுவாகப் போகத்தான் காசு

பாறையில் வண்டி உடைவதற்கு முக்கியக் காரணம் வேகம். ஆக்சிலரேட்டரை மிதித்து, சக்கரம் சுழன்று, திடீரென்று பிடி கிடைக்கும்போது ஏதாவது ஒன்று முறியும். ஐடிலிங்கிலேயே வண்டி ஊர்ந்து ஏறினால் மிதிக்கவே தேவையில்லை. அதற்குக் கியர் குறைய வேண்டும்.

கணக்கு எளிது. என் கியர்பாக்ஸில் முதல் கியர் 3.95. டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோ கியர் 2.28. டிஃபரன்ஷியல் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 35 அங்குல டயரோடு, 800 ஆர்.பி.எம் ஐடிலிங்கில் இது மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வரும். கேட்பதற்கு மெதுவாகத் தெரியும். இடுப்பளவு பாறை விளிம்பில் முன்சக்கரம் இருக்கும்போது அது பறப்பது மாதிரி.

இரண்டு வழி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.7 கியர் செட் போடலாம். மொத்தம் 76 ஆகும். அல்லது ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸின் குறைப்புப் பகுதியை இன்னொன்றின் முன்னால் சேர்த்து இரட்டையாக்கலாம். 2.28 இரண்டு முறை பெருகும், மொத்தம் 84. ஃபிரெஸ்னோவின் மார்லின் கிராலர் இந்த இரட்டைக் கேஸுக்குப் பேர் போனது. நான் இரட்டைதான் போட்டேன், ஏனென்றால் ஒன்றை மட்டும் லோவில் போட்டு மண் பாதையிலும், இரண்டையும் போட்டுப் பாறையிலும் ஓட்டலாம். இரட்டையாக்கும்போது பெட்டி நீளும். பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குட்டையாக்கவும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீட்டவும் வேண்டிவரும், குறுக்குச் சட்டமும் புதிதாகச் செய்ய வேண்டும். செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயர் போட்டதால் இழந்த இழுவையை மீட்க டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் முக்கிய கியர் ஜோடியை, அதாவது கிரவுன் பினியனை, 5.29க்கு மாற்றினேன். இப்போது மொத்தம் சுமார் 109. ஐடிலிங்கில் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்கூட வராது. பக்கத்தில் நடந்து வருபவர் நின்று நின்று வர வேண்டியிருக்கும்.

இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டுவது லாக்கர். அதில் நீட்டி முழக்க எதுவுமில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரத்துக்குப் பிடி இல்லையோ அதையே சுற்றும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பின்னால் முதலில் போடுங்கள், முன்னால் பிறகு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது மலிவு. ஆனால் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கத்தும், ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கு வாங்கும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அது சரி. ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டிய என் வண்டிக்குக் காற்றால் பூட்டும் லாக்கர்.

கமான்: இது எங்கள் வீட்டு வேலை

உயரம் கூட்டுவதற்காகக் கடையில் விற்கும் கமான் செட்டுகளில் பலவற்றைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். தடித்த பட்டைகள் நாலு, வில்லாக வளைத்து வைத்திருப்பார்கள். வண்டி உயரும், அசையாது. பாறையில் கமான் வளைந்து கொடுக்க வேண்டும். ஒரே பளுவைத் தாங்க, தடித்த பட்டை நாலை விட மெல்லிய பட்டை ஏழு எட்டு மேல். பட்டையின் கனம் இரட்டிப்பானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அப்பா இதைக் கணக்குப் போட்டுக் கற்கவில்லை, லாரி மேல் உட்கார்ந்து கற்றார்.

வளைவு குறைவாக, நீளம் அதிகமாக இருக்கட்டும். பட்டைகளின் முனையைச் சதுரமாக விடாமல் கிரைண்டரில் உருட்டித் தேய்த்து, இடையில் வழுக்கும் பிளாஸ்டிக் துண்டு வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று உரசிப் பிடிக்காது. சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை இறுக்கி அடிக்காதீர்கள். நாலு அங்குலத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். அதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் மட்கார்டை வெட்டுங்கள். தகரத்தை வெட்டினால் வண்டி கவிழாது, உயர்த்தினால் கவிழும். முன்ஹவுசிங்குக்கும் கமானுக்கும் நடுவில் உயரக் கட்டை வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது அது உருவிக்கொண்டு வரும்.

யூ போல்ட்டைக் கழற்றினால் அது குப்பைக்கு. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி பிடிக்காது. புதுசு போட்டு, முதல் பயணம் முடிந்ததும் திரும்ப இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேடேற்றி, எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் மேடேற்றி, வண்டியை முறுக்கி நிறுத்துங்கள். அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா? ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டுவிட்டதா? புரொப்பல்லர் ஷாஃப்டின் வழுக்கு முனை கழலும் அளவுக்கு வெளியே வந்துவிட்டதா? என் வண்டியில் பின் பிரேக் ஹோஸ் வீணை நரம்பு மாதிரி இருந்தது. அதை வாசலிலேயே பார்த்தது என் அதிர்ஷ்டம்.

ஸ்டியரிங்

இந்த வண்டிகளில் ஸ்டியரிங் பெட்டி ஒரு தண்டை முன்னும் பின்னுமாகத் தள்ளும். கமான் அதிகம் அசைந்தால் கையைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். 1986 முதல் வந்த பிக்கப்பின் ஸ்டியரிங் பெட்டியைச் சேஸில் மாட்டி, தண்டைக் குறுக்காகப் போட்டு, முட்டியின் மேல் உயரமான கை வைத்து, இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடையும் கமானுக்கு மேலே கொண்டுபோய்விடுவதுதான் வழக்கமான தீர்வு. கீழே இருந்த டை ராட் பாறையில் இடித்து வளையும். மேலே போனால் பிழைக்கும்.

இதை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தேன். பெட்டியைச் சேஸில் நேராகத் துளைத்து மாட்டிவிட்டார்கள், தகடு வைத்துப் பலப்படுத்தவில்லை. எட்டு மாதத்தில் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். முழுக்கப் பிரித்து, விரிசலின் நுனியில் துளையிட்டு நிறுத்தி, வெல்டிங் நிரப்பி, கால் அங்குலத் தகட்டை வெளியே வைத்து, சேஸின் இரு சுவருக்கும் இடையில் குழாய்த் துண்டு வைத்துப் போல்ட் போட்டேன். குழாய் இல்லாமல் இறுக்கினால் சேஸின் சுவர்தான் உள்ளே அமுங்கும். முட்டியின் மேல் கையைப் பிடித்திருக்கும் நாலு ஸ்டட்டும் பெரிய டயரில் தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஸ்பானர் வையுங்கள்.

அந்த போல்ட், இந்த ஹப்

ரூபிகான் பாதை லூன் ஏரிப் பக்கம் தொடங்கி டாஹோ ஏரிப் பக்கம் முடிகிறது. சுமார் 22 மைல். இரண்டு நாள் எடுத்துக்கொள்வது நிம்மதி. 1953இல் ஜார்ஜ்டவுன் ஊர்க்காரர்கள் ஜீப்புகளைக் கூட்டிக்கொண்டு இதில் போனதிலிருந்து கூட்டுப் பயணங்கள் நடக்கின்றன. கடைசியில் கெடிலாக் ஹில் ஏற வேண்டும். ஒருபக்கம் சரிவு, நடுவில் இறுக்கமான திருப்பம்.

இரண்டாவது முறை போனபோது அந்தத் திருப்பத்தில் சக்கரம் முழுக்கத் திரும்பிய நிலையில் மாட்டிக்கொண்டேன். பொறுமை போய் ஒரு மிதி மிதித்தேன். டக், டக், பிறகு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வலது பர்ஃபீல்ட் கிண்ணம் மூன்று துண்டு. சக்கரம் முழுக்கத் திரும்பியிருக்கும்போதுதான் அந்த ஜாயின்ட் பலவீனமாக இருக்கும், ரிவர்ஸில் இன்னும் மோசம். அந்த நேரத்தில் டக் டக் கேட்டால் காலை எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டு ஏறுவதற்கு வேறு வழி பாருங்கள். உடைந்த துண்டுகளை உள்ளே விட்டு ஓட்டவும் கூடாது, ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும். உதிரி ஜாயின்ட் இருந்தது. சரிவில் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மாற்றி முடிக்க நாலு மணி நேரம்.

வீட்டுக்கு வந்ததும் குரோமோலி உலோகத்தில் செய்த 30 பல் ஜாயின்டும் ஷாஃப்டும் வாங்கிப் போட்டேன். பழையது 27 பல். அதோடு பலமான ஹப்பும் வாங்கக் கூடையில் போட்டபோதுதான் ரொட்டவேட்டர்க்காரர் முகம் ஞாபகம் வந்தது. ஜாயின்ட் உடையாது, ஹப்பும் உடையாது என்றால் அடுத்து உடைவது கிரவுன் பினியன். அதைப் பாதையில் வைத்து மாற்ற முடியாது. ஹப்பைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். கம்பெனி போட்ட ஐசின் ஹப்பையே விட்டு, பழையதாக இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன்பின் ஒரு ஹப் போயிருக்கிறது. நின்றபடியே, சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், இருபது நிமிடத்தில் மாற்றினேன்.

இன்னும் சில

டயர் காற்றை ரோட்டில் 30 பி.எஸ்.ஐ வைத்திருந்தால் பாதை தொடங்கும் இடத்தில் 12க்கு இறக்குங்கள். டயர் பாறையைக் கவ்வும். அதற்கும் கீழே இறக்க டயரின் விளிம்பைப் பூட்டிப் பிடிக்கும் வீல் வேண்டும்.

பக்கவாட்டில் கதவுக்கு அடியில் ஒன்றே முக்கால் அங்குலக் குழாயில் சட்டம் வையுங்கள், பாடியில் அல்ல, சேஸில். பிக்கப்பின் பின்தொட்டி நீட்டிக்கொண்டு போய் இறக்கத்தில் பாறையில் இடிக்கும். நான் கடைசி ஓரடியை வெட்டிவிட்டேன். மளிகை சாமான் ஏற்ற இடம் குறைந்தது என்று வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

பாதையில் வெல்டிங் தேவைப்பட்டால் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் இரண்டரை மில்லிமீட்டர் ராடு எரிக்கலாம். பேட்டரிகளை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றித் தள்ளி வைத்து, மேலே ரப்பர் விரிப்புப் போட்டு மூடுங்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். வண்டியில் மாட்டியபடியே செய்தால் கம்ப்யூட்டர் போகும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.

ஆயில் சிந்தினால் உறிஞ்சி எடுக்கும் துணிப் பொட்டலம் இல்லாமல் ரூபிகானுக்குப் போகாதீர்கள். கருங்கல் எதையும் உறிஞ்சாது. சிந்தியது அடுத்த மழையில் ஏரிக்குத்தான் போகும். மலம்கூடப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வர வேண்டிய இடம் அது.

திரும்பி வந்ததும் இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலையும் ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஓடை கடந்தபோது மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் ஏறியிருக்கிறது. குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிடுங்கள். யூ போல்ட், முட்டி ஸ்டட், ஸ்டியரிங் பெட்டி, மூன்றிலும் ஸ்பானர் வையுங்கள்.

போன வாரம் இதையெல்லாம் முடித்துவிட்டு, அப்பாவுக்கு வீடியோ காலில் முன்கமானைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபோனை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"இடது பக்கம், மூணாவது பட்டை சிரிக்குது பாரு அம்மிணி."

"இல்லீங்ப்பா, வெளிச்சம் அப்படித் தெரியுது."

"விரலை உட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. கிளிப்பின் ரிவெட் அறுந்திருந்தது.